காசோலையின் வளர்ச்சியும் தேய்வும்

மக்கள் ஒருவரிடம் ஒருவர் பொருள் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர். கொண்ட பொருளுக்கு உரிய ஈட்டைத் தவறாது செலுத்துதலே வாணிகத்தின் அடிப்படையாகும். ஆனால், அவ்வீட்டைச் செலுத்தும் முறை எக்காலத்தும் ஒரே வகையாக இருந்ததில்லை. முற்காலத்தில் நெல்லைக் கொடுத்து உப்பைப் பெற்றனர். பின்னர்ப் பொன்னாலும் வெள்ளியாலும் செம்பாலும் நாணயங்கள் அடிக்கப்பட்டன. அதன்பின் அரசின் முத்திரை பொறித்த தாள்கள் பணமாக வழங்கலாயின. இவ்வரிசையில் ஒரு சிறந்த இடத்தைப் பெற்றது காசோலை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலக வாணிகத்தைத் தாங்கி நின்ற அத்தாள், இன்று நாடுதோறும் அன்றாட வழக்கினின்று மறைந்து வருகிறது. அது தோன்றிய வகையையும், வளர்ந்த வகையையும், தேயும் காரணத்தையும் அறிதல் மாணவர்க்கு நலம் பயப்பதாகும்.

காசோலை என்பது யாது? தம் பணத்தை ஒரு வங்கியில் இட்டு வைத்திருக்கும் ஒருவர், அவ்வங்கிக்கு எழுதும் கட்டளையே காசோலையாகும். ‘இன்னாருக்கு இவ்வளவு தொகையை என் கணக்கிலிருந்து கொடுக்க’ என்பதே அக்கட்டளையின் சாரம். இதில் தொடர்புடையோர் மூவர். கட்டளையை எழுதிக் கையொப்பம் இடுபவர் ஒருவர். கட்டளையைப் பெற்று நிறைவேற்ற வேண்டிய வங்கி ஒன்று. பணத்தைப் பெறும் உரிமை உடையவர் மற்றொருவர். காசும் ஓலையும் சேர்ந்து காசோலை ஆயிற்று. பண்டு பனையோலையில் செய்தியும் ஆணையும் எழுதி அனுப்பிய நம் நாட்டில், பணத்தைக் குறித்து எழுதும் தாளுக்கு இப்பெயர் அமைந்தது மிகப் பொருத்தமே. ஆங்கிலத்தில் இதனைச் ‘செக்’ என்பர். ஏமாற்றைத் தடுக்கவும் கணக்கைச் சரிபார்க்கவும் உதவிய அடித்தாளுக்கு முதலில் வழங்கிய அப்பெயர், நாளடைவில் தாள் முழுமைக்கும் உரியதாயிற்று.

ஈண்டு ஒன்றனை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். காசோலை பணம் அன்று. பணத்தைத் தருமாறு எழுதிய சொல்லே ஆகும். ரிசர்வ் வங்கி வெளியிட்ட பத்து ரூபாய்த் தாளை நாம் பெற்றவுடன் பத்து ரூபாய் நம் கைக்கு வந்துவிட்டது. காசோலையைப் பெற்றவருக்கோ, வங்கி அதனை ஏற்றுத் தொகையை அளிக்கும் வரையில் பணம் வந்ததாகாது. ஆதலின், காசோலை வழங்கும் இடமெல்லாம் நம்பிக்கை முன்னின்றாக வேண்டும். காசோலையின் பெருமைக்கும் பிற்காலத்து அதன் தேய்வுக்கும் இவ்வொரு பண்பே காரணமாயிற்று.

இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் செல்வர்கள் தம் பணத்தை இலண்டன் நகரப் பொற்கொல்லரிடத்தும், பத்திரம் எழுதும் தொழிலுடையாரிடத்தும் ஒப்படைத்து வைப்பது வழக்கம். யாருக்கேனும் பணம் கொடுக்க வேண்டியபோது, அதனை எடுத்துச் செல்லாமல், ‘இவருக்கு இதனைக் கொடுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பினர். இக்கடிதமே காசோலையின் தொடக்கம். 1659ஆம் ஆண்டு நாளிட்டு, 400 பவுன் கொடுக்குமாறு இலண்டனில் மாரிசு, கிளேட்டன் என்னும் இருவர் நடத்திய பணநிலையத்திற்கு எழுதப்பட்ட அத்தகைய தாள் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அன்று அச்சிட்ட தாள் இல்லை. முழுவதும் கையாலேயே எழுதினர். ஆயினும், தொகை, பெறுபவர் பெயர், நாள், கையொப்பம் என்னும் உறுப்புக்கள் அன்றைக்கே அமைந்துவிட்டன.

வங்கிகள் பெருகப் பெருகப் புதியதொரு தொல்லை தோன்றிற்று. ஒரு வங்கியின்மேல் எழுதப்பட்ட காசோலையை மற்றொரு வங்கியில் கணக்குடையவர் பெற்றால், அப்பணத்தை வாங்கி வருவது எங்ஙனம்? வங்கிகள் தம் எழுத்தர்களை நாள்தோறும் வங்கி வங்கியாக அனுப்பின. அவர்கள் பணப்பையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தனர். நடந்து சலித்த அவ்வெழுத்தர்களே தம் தொல்லைக்குத் தாமே ஒரு வழி கண்டனர். 1770ஆம் ஆண்டை ஒட்டி, இலண்டன் இலம்பார்டு தெருப் பகுதியில் ‘ஐந்து மணிகள்’ என்ற பெயருடைய உணவு விடுதியில் அவர்கள் கூடி, ஒருவர்க்கொருவர் கொடுக்க வேண்டிய காசோலைகளை அங்கேயே மாற்றிக்கொள்ளத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் வங்கிகளும் இதனை ஏற்றுக்கொண்டு, இதற்கெனத் தனி அறை ஒன்றனை வாடகைக்கு அமர்த்தின. அதுவே தீர்வகம் எனப்படும் நிலையத்தின் தோற்றம்.

தீர்வகத்தால் விளைந்த நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் வங்கியின்மேல் எழுதப்பட்ட 9,000 ரூபாய்க்கான காசோலைகள் இரண்டாம் வங்கியின் கையில் உள்ளன. இரண்டாம் வங்கியின்மேல் எழுதப்பட்ட 8,400 ரூபாய்க்கான காசோலைகள் முதல் வங்கியின் கையில் உள்ளன. தனித்தனியே தீர்ப்பதாயின், இரு திசையிலுமாக 17,400 ரூபாயைச் சுமந்து செல்ல வேண்டும். இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து கணக்குப் பார்ப்பாராயின், முதல் வங்கி 600 ரூபாயைக் கொடுத்த அளவில் அத்தனை கடனும் தீர்ந்துவிடும். இரண்டு வங்கிகட்கே இவ்வளவு எளிமை என்றால், முப்பது வங்கிகள் கூடுமிடத்து விளையும் பயனைச் சொல்லவும் வேண்டுமோ?

கணக்கிடும் பொறிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற சார்லசு பாபேசு என்னும் அறிஞர், 1832ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலில் இத்தீர்வகத்தை வருணித்துள்ளார். பெரிய அறை ஒன்றில் ஏறத்தாழ முப்பது வங்கிகளின் எழுத்தர்கள் பெயர் அகர வரிசைப்படி சுவரோரமாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் அருகிலும் ஒரு திறந்த பெட்டி இருக்கும். தலைக்கு மேலே சுவரில் அவரவர் வங்கியின் பெயர் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். மற்ற எழுத்தர்கள் உள்ளே வந்து, உரிய பெட்டிகளில் காசோலைகளை இட்டுச் செல்வர். அங்கு நாளொன்றுக்குச் சராசரியாக 25 இலட்சம் பவுன் பெறுமானமுள்ள கடன்கள் தீர்ந்தன. அவற்றைத் தீர்ப்பதற்கு வேண்டியிருந்தன 2 இலட்சம் பவுனுக்குப் பணத்தாள்களும் வெறும் 20 பவுனுக்கு நாணயங்களுமே என்று அவர் மதிப்பிட்டார். பொன் மூட்டைகள் செய்த வேலையைத் தாள்கள் செய்தன. மனிதர் கால்கள் செய்த வேலையைக் கணக்குச் செய்தது.

காசோலையின் குறுக்கே இரு இணைகோடுகள் இடும் வழக்கமும் இத்தீர்வகத்திலிருந்தே தோன்றியதாகும். எழுத்தர்கள் அடையாளத்தின் பொருட்டுத் தம் வங்கியின் பெயரைக் காசோலையின்மீது குறுக்காக எழுதினர். நாளடைவில் அக்குறி ஒரு காப்பாக மாறிற்று. கீறலிட்ட காசோலையை நீட்டி எவரும் வங்கியின் முகப்பில் நேரே பணம் பெறல் இயலாது. அத்தொகை ஒருவருடைய வங்கிக் கணக்கில்தான் சேரும். வழியில் தாள் களவு போயினும், களவாடியவன் தன்னை மறைத்துக்கொள்வது அரிதாகும். சிறிய இரண்டு கோடுகள் பெரியதொரு பூட்டின் வேலையைச் செய்தன எனலாம்.

நெடுங்காலம் வரையில் காசோலை செல்வர்க்கும் வணிகர்க்குமே உரியதாய் இருந்தது. இங்கிலாந்தில் உடலுழைப்புத் தொழிலாளர்க்குக் கூலியை நாணயமாகவே கொடுத்தல் வேண்டும் என்பது பழைய சட்டம். முதலாளிகள் கூலிக்குப் பதிலாகத் தம் கடைப் பொருள்களைத் தலையிற் கட்டாதிருத்தற்பொருட்டு எழுந்த சட்டம் அஃது. 1960ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூலி வழங்குச் சட்டம், தொழிலாளர் விரும்பினால் காசோலையாகவும் கூலி தரலாம் என்று இடம் அளித்தது. 1965ஆம் ஆண்டில், காசோலை திரும்பாது என்று வங்கியே உறுதி கூறும் உறுதியட்டையும் அந்நாட்டில் வழக்கிற்கு வந்தது. கடைக்காரர்கள் முன்பின் அறியாதவரிடத்தும் அச்சமின்றிக் காசோலையைப் பெற்றனர். பொதுமக்களிடையே காசோலை விரைந்து பரவிற்று. 1990ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 400 கோடிக் காசோலைகளை எழுதினர். அதுவே அதன் உச்சம். உச்சியை எய்திய அவ்வாண்டிலிருந்தே இறக்கமும் தொடங்கிற்று.

இறக்கத்திற்குக் காரணங்கள் யாவை? முதலாவது காலத்தாழ்வு. காசோலையை எழுதியவர் அதனைப் பெறுபவர்க்கு அனுப்ப வேண்டும். அவர் தம் வங்கியில் இட வேண்டும். அவ்வங்கி தீர்வகத்திற்கு அனுப்ப வேண்டும். தீர்வகத்திலிருந்து அத்தாள் எழுதியவருடைய வங்கிக்குச் செல்ல வேண்டும். அவ்வங்கி கையொப்பத்தையும் இருப்பையும் ஆராய வேண்டும். இத்தனை படிகளையும் ஏறி இறங்குவதற்குள் நாள்கள் பல கழியும். இரண்டாவது செலவு. கோடிக்கணக்கான தாள்களை அச்சிடவும், சுமக்கவும், பிரிக்கவும், காக்கவும் வங்கிகள் பெரும்பொருள் செலவிட வேண்டியிருந்தது. மூன்றாவது ஐயம். எழுதியவர் கணக்கில் பணம் இல்லையாயின் தாள் திரும்பிவிடும். பெற்றவர் பொருளையும் இழந்து பணத்தையும் இழந்து நிற்பார்.

இம்மூன்றனுக்கும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. காசோலையில் கட்டளை தலைகீழாகச் செல்கிறது. பணம் கொடுப்பவர் தம் வங்கிக்கு எழுதும் கட்டளையைத் தம் வங்கியிடம் கொடுப்பதில்லை. பெறுபவர் கையில் கொடுக்கிறார். அது சுற்றி வளைத்துத்தான் உரிய இடத்தை அடைகிறது. பணமாற்று முறையிலோ கொடுப்பவர் தம் வங்கியிடமே நேராகக் கட்டளை இடுகிறார். கணக்கில் பணம் இருந்தால் உடனே செல்கிறது. இல்லையாயின் அப்பொழுதே தெரிந்துவிடுகிறது. திரும்பி வருதல் என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. கணிப்பொறியும் தொலைதொடர்பும் வளர்ந்தபின் இம்முறை மின்னலின் விரைவைப் பெற்றது. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டு முதல் சம்பளங்கள் கணிப்பொறி வழியே வங்கிக் கணக்குகளிற் சேர்க்கப்பட்டன. 1987ஆம் ஆண்டில் பற்று அட்டைகள் வந்தன. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்குச் சில நொடிகளிற் பணம் செல்லும் முறை அங்குத் தொடங்கப்பட்டது. பெருங்கடைகள் பல, காசோலை பெறுவதை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின.

காசோலையை மிகுதியாக வழங்கிய நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். 2000ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஆண்டிற்கு 4,000 கோடிக்கு மேற்பட்ட காசோலைகள் வழங்கின. பரந்த அந்நாட்டில் அத்தாள்களை ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு இரவோடு இரவாக வானூர்திகளே சுமந்து சென்றன. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த கொடுந்தாக்குதலை அடுத்து, நாடெங்கும் வானூர்திகள் பறத்தல் நிறுத்தப்பட்டது. காசோலை மூட்டைகள் நிலையங்களில் தேங்கின. கோடிக்கணக்கான டாலர்கள் கணக்கு முடியாமல் நின்றன. தாளைச் சுமப்பதை நம்பியிருக்கும் முறை எவ்வளவு எளிதில் முறிந்துபோகும் என்பதை அந்நாடு அன்று உணர்ந்தது. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம், காசோலைத் தாளுக்குப் பதிலாக அதன் படத்தை அனுப்ப வழிவகுத்தது. அந்நாட்டு மைய வங்கி 2003ஆம் ஆண்டில் காசோலைகளைப் பிரிக்க 45 நிலையங்களை நடத்தி வந்தது. 2010ஆம் ஆண்டில் எஞ்சியது ஒன்றே. 2021ஆம் ஆண்டில் அங்கு எழுதப்பட்ட காசோலைகள் ஏறத்தாழ 1,100 கோடியாகக் குறைந்தன.

காசோலை குறைவதைக் கண்ட இங்கிலாந்து வங்கிகள், தாமே அதற்கு முடிவு கட்ட எண்ணின. வங்கிகள் கூடி அமைத்திருந்த பணவழங்கு மன்றம், 2009ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் ஒரு தீர்மானம் செய்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தோடு காசோலைத் தீர்வகத்தை மூடிவிடலாம்; அதற்குள் தக்க மாற்றுவழிகளை அமைத்துவிடலாம் என்பதே அத்தீர்மானம். கணக்கை மட்டும் நோக்கியவர்க்கு அது நேரியதாகவே தோன்றிற்று. ஆண்டுதோறும் குறைந்து வரும் ஒன்றனுக்குப் பெரும்பொருள் செலவிடுவானேன் என்று அவர்கள் வாதிட்டனர்.

ஆனால், அத்தீர்மானம் வெளிவந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. முதியோர் நலம் பேணும் சங்கங்கள் முதற்கண் குரல் கொடுத்தன. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்காகப் பக்கத்து வீட்டார் கடைக்குச் சென்று பொருள் வாங்கி வருகின்றனர். வாங்கிய பொருளின் விலையைக் குறித்து அவர் ஒரு காசோலை எழுதிக் கொடுத்தால் போதும். அத்தொகைக்கு மேல் ஒரு காசும் எவரும் எடுக்க முடியாது. காசோலை இல்லையாயின் அவர் செய்யக்கூடியது யாது? மிகுந்த பணத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும். அன்றேல் தம் அட்டையையும் அதன் மறைவெண்ணையும் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டும். முன்னையது கள்வர்க்கு வாய்ப்பு. பின்னையது வாழ்நாட் சேமிப்பையே பிறரிடம் திறந்து வைத்தலாகும். கண்பார்வை குன்றியோரும் கைந்நடுக்கம் உடையோரும் சிறு பொத்தான்களை அழுத்த வருந்தினர்.

அறநிலையங்களும் தம் குறையை எடுத்துரைத்தன. அஞ்சல்வழி வரும் காசோலைகளாகவும் அவற்றுக்கு நன்கொடைகள் கிடைத்து வந்தன. சிற்றூர்ச் சங்கங்களின் நிலையும் அவ்வாறே. சங்கத்துப் பணத்தை எடுக்கத் தலைவரும் பொருளாளரும் ஆக இருவர் கையொப்பம் வேண்டும் என்பது விதி. ஒருவரை ஒருவர் காவல் செய்யும் அவ்வொழுங்கு காசோலையில் எளிதாக அமைந்திருந்தது. வீட்டிற்கு வந்து குழாய் செப்பனிடுவோர், தோட்டம் திருத்துவோர் போன்ற சிறுதொழிலாளரும் காசோலையாகவே கூலி பெற்று வந்தனர்.

இக்குரல்கள் பாராளுமன்றத்தை எட்டின. கருவூலக் குழு அதனை ஆராய்ந்து, மன்றத்தாரை வரவழைத்து வினவியது. மாற்றுவழி கண்ணிற்குப் புலப்படா முன்னரே முடிவு நாளைக் குறித்தது முறையோ என்பதே வினாவின் சாரம். இறுதியில், 2011ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மன்றம் தன் தீர்மானத்தைக் கைவிட்டது. மக்களுக்கு வேண்டியிருக்கும் வரையில் காசோலை நிலைபெறும் என்று அறிவித்தது. அதன்பின் வங்கிகள் வேறொரு வழியை நாடின. தாளைச் சுமந்து செல்லாமல் அதன் படத்தையே அனுப்பித் தீர்க்கும் முறையை 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தொடங்கின. பல நாள்களாய் நீண்டிருந்த வேலை அடுத்த பணிநாளிலேயே முடிவதாயிற்று. காசோலையின் எண்ணிக்கை பின்னும் குறைந்துகொண்டே சென்றது. 2022ஆம் ஆண்டில் அது 13 கோடி அளவே. ஆயினும் அக்குறைவு ஆணையால் விளைந்தது அன்று; மக்கள் தாமே விரும்பி வேறு வழியை மேற்கொண்டமையால் விளைந்தது. இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எல்லா நாடுகளும் இங்கிலாந்தைப் பின்பற்றவில்லை. தென்மார்க்கு நாட்டு வங்கிகள் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காசோலையை விட்டொழித்தன. நியூசிலாந்து வங்கிகள் 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு விடை கொடுத்தன. அமெரிக்க அரசு, தான் வழங்கும் பணத்தைக் காசோலையாக வழங்குதல் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தோடு பொதுவாக முடிதல் வேண்டும் என்று அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆணை பிறப்பித்தது. அஞ்சலிற் செல்லும் காசோலைகளைத் திருடி, மையை அழித்து, வேறு பெயரும் தொகையும் எழுதி ஏமாற்றும் குற்றம் அந்நாட்டில் பெருகியதும் அதற்கு ஒரு காரணமாகும்.

இனி நம் நாட்டை நோக்குவோம். காசோலை வருமுன்னரே இங்கு உண்டியல் என்னும் முறி வழக்கில் இருந்தது. வடநாட்டு வணிகர் அதனை ‘உண்டி’ என்றனர். கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், உண்டியல்கள் வழியே பெரும்பொருளை ஊருக்கு ஊர் மாற்றினர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1881ஆம் ஆண்டில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இயற்றப்பட்டது. காசோலைக்கு இன்றும் அதுவே சட்டம். பணமின்றித் திரும்பும் காசோலைகளால் வாணிகம் குலையாதிருத்தற்பொருட்டு, அச்சட்டத்தில் 138ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. காசோலை திரும்பியபின் முறைப்படி அறிவிப்புப் பெற்றும் பணத்தைச் செலுத்தாதவர் சிறைத்தண்டனைக்கும் தண்டத்திற்கும் உரியராவர். இதனால் காசோலையின் மதிப்பு உயர்ந்தது உண்மையே. ஆயின், வழக்குகளும் பெருகின. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டு நீதிமன்றங்களில் இவ்வகை வழக்குகள் மட்டும் 35 இலட்சத்திற்கு மேல் தேங்கி நின்றன.

தாளைச் சுமக்காமல் படத்தை அனுப்பும் முறை இந்தியாவில் 2008ஆம் ஆண்டு புதுதில்லியிலும், 2011ஆம் ஆண்டு சென்னையிலும் தொடங்கப்பட்டது. அதனால் வெளியூர்க் காசோலை, உள்ளூர்க் காசோலை என்னும் வேறுபாடு குறைந்தது. ஆனால், காசோலையினும் விரைந்த முறை பின்தொடர்ந்து வந்தது. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் ஒருங்கிணைந்த பணமாற்று முறையை இந்திய தேசியப் பணவழங்கு நிறுவனம் தொடங்கிற்று. கைப்பேசி உடையவர் எவரும், மறைவெண் ஒன்றனை அழுத்திய அளவில், எந்த வங்கிக் கணக்கிற்கும் பணம் அனுப்பலாம். பூ விற்பவரும் இளநீர் விற்பவரும் தம் கடை முன்பு கட்டக் குறியீடு அச்சிட்ட அட்டையை வைத்துள்ளனர். காசோலைப் புத்தகத்தையே வாழ்நாளிற் கண்டிராத கோடிக்கணக்கானோர் நேரே இம்முறைக்கு வந்துவிட்டனர். 2012ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டில் ஆண்டிற்கு 130 கோடிக்கு மேற்பட்ட காசோலைகள் வழங்கின. 2023-24ஆம் ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ 66 கோடியாகப் பாதியளவிற் சுருங்கிற்று. அதே ஆண்டில் யு.பி.ஐ. வழியே நிகழ்ந்த பணமாற்றங்கள் 13,000 கோடிக்கு மேற்பட்டன.

இதனால், காசோலை பயனற்றுப் போயிற்று என்று கருதலாகாது. நிலமும் வீடும் வாங்குவோரும், பெருந்தொகை வழங்கும் நிறுவனங்களும், இருவர் கையொப்பம் வேண்டும் சங்கங்களும் அதனை இன்றும் கையாளுகின்றனர். எழுதிக் கையொப்பமிட்டு உறுதி செய்வதற்குள் ஒருவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறார். கொடுத்த பின்னரும், பணம் சென்று சேருமுன், தக்க காரணம் இருப்பின் அதனை நிறுத்துமாறு வங்கிக்கு எழுதலாம். நொடியிற் செல்லும் பணத்திற்கு அவ்விடைவெளி இல்லை. ஓர் எண்ணைத் தவறாக அழுத்தினாலும், வஞ்சகர் சொல்லை நம்பி மறைவெண்ணை இட்டாலும், போன பணத்தை மீட்பது அரிது. விரைவு நன்மைக்கும் துணை செய்யும். ஏமாற்றிற்கும் துணை செய்யும். ஆகவே, புதிய முறையைக் கையாளுவோர் பழைய முறையைக் கையாண்டவரினும் மிகுந்த விழிப்போடிருத்தல் வேண்டும்.

இவ்வரலாற்றினின்று நாம் அறிவன சில உள. வங்கி எழுத்தர்கள் நடந்து சலித்த நடையிலிருந்து தீர்வகம் பிறந்தது. தாளைச் சுமந்து சலித்த சலிப்பிலிருந்து மின்வழி பிறந்தது. தொல்லையைக் குறைக்க மனிதன் தேடும் வழியே நாகரிகத்தின் வளர்ச்சியாகும். ஆனால், பெரும்பாலோர்க்கு எளிதாகிய வழி எல்லார்க்கும் எளிதாகிவிடாது. விரைந்து செல்வோர் பாலத்தைக் கடந்துவிட்டனர் என்பதற்காக, மெல்ல வருவோர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே பாலத்தை இடித்தல் முறையன்று. இங்கிலாந்து மக்கள் 2011ஆம் ஆண்டில் நிலைநாட்டியது இவ்வுண்மையையே ஆகும்.

நம் இல்லங்களிலும் தாத்தாவும் பாட்டியும் உள்ளனர். வங்கிக்குச் சென்று, தாளில் எழுதி, கையொப்பமிட்டுப் பணம் எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். கைப்பேசியின் வழியைப் பொறுமையோடு அவர்கட்குக் கற்பித்தல் இளையோர் கடன். அவர்களுடைய மறைவெண்ணைக் கேட்டறிந்து தாமே அழுத்திவிடுதல் உதவி போலத் தோன்றும், அஃது உதவியன்று. அவர்கள் பணம் அவர்கள் கையாலேயே வழங்குமாறு செய்தலே உண்மையான உதவியாகும். தாளில் எழுதினும் கைப்பேசியில் அழுத்தினும், ‘தருகிறேன்’ என்று சொன்ன சொல்லைக் காத்தலே பண வழங்கலின் உயிர்நிலை. முறைகள் மாறலாம், அந்நாணயம் மாறுதல் கூடாது.

வினாக்கள்

1. காசோலையில் தொடர்புடைய மூவர் யாவர்? காசோலை ‘பணம் அன்று’ எனப்படுவது ஏன்?
2. தீர்வகம் தோன்றிய வரலாற்றையும் அதன் பயனையும் ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. காசோலைக்கும் மின்வழிப் பணமாற்றிற்கும் கட்டளை செல்லும் முறையில் உள்ள வேறுபாடு யாது?
4. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டுத் தீர்மானம் எழுந்ததற்கும், 2011ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டதற்கும் உரிய காரணங்களை எழுதுக.
5. உம் இல்லத்து முதியோர் ஒருவர் பணம் செலுத்தும் முறையைக் கேட்டறிந்து, அதன் நன்மை தீமைகளை ஒரு பக்க அளவில் வரைக.